பாட்டு நம்முடையது, பெட்டி யாருடையது?

(பூலாம்பாடியில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில், கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு.)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் பொழுதுபோக்கு. கூத்து, நாடகம், சினிமா, டெலிவிஷன், செல்போன் இவற்றைப் பற்றித்தான் பேசப் போகிறேன். "கூலி, போனஸ், குடிமனை என்று ஆயிரம் பிரச்னை கிடக்கும்போது இவர் சினிமாக் கதை பேச வந்துவிட்டாரே" என்று சிலர் நினைக்கலாம். அப்படி நினைப்பதும் நியாயமே.

ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். ஆலைக்குள் நுழைந்தது முதல் சங்கு ஊதும் வரை நம்மிடமிருந்து எடுக்கப்படுவது என்ன என்று நமக்குத் தெரியும். வெங்காயக் காட்டில் களை வெட்டும் தாய்க்கு, வரப்பில் நிற்பவர் எவ்வளவு மிச்சம் பிடிக்கிறார் என்று தெரியும். சங்கு ஊதிய பிறகு, கை கால் கழுவிவிட்டு உட்கார்ந்த பிறகு, நம் பையிலிருந்தும் நம் நேரத்திலிருந்தும் எடுக்கப்படுவது என்ன? இந்தக் கணக்கை நாம் பார்ப்பதே இல்லை. இன்று அதைப் பார்ப்போம்.

ஓய்வு சும்மா வந்ததா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாட்டுக் கேட்பதும் படம் பார்ப்பதும் பாவம் என்று சொல்ல நான் வரவில்லை. உழைக்கிறவனுக்கு ஓய்வும் சிரிப்பும் வேண்டும். எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் உறக்கம், எட்டு மணி நேரம் எங்கள் இஷ்டம் என்றுதானே மே தினத் தியாகிகள் 1886இல் சிக்காகோவில் கேட்டார்கள்? நம் நாட்டில் ஆலைத் தொழிலாளிக்கு வாரம் 48 மணி நேரம் என்று வரம்பு கட்டிய தொழிற்சாலைச் சட்டம் 1948இல் வந்தது. அதற்கு முன்னே எத்தனை வேலை நிறுத்தம், எத்தனை தடியடி! நாம் படம் பார்க்கிற அந்த மூன்று மணி நேரம் போராடிப் பெற்ற நேரம். போராடிப் பெற்றதை யார் கையில் கொடுக்கிறோம் என்று பார்ப்பதும் நம் வேலைதான்.

விவசாயத் தொழிலாளிக்கு அந்த வரம்பும் இல்லை. சூரியன்தான் அவனுக்குக் கடிகாரம். அதனால்தான் நம் பக்கத்துக் கூத்துகள் எல்லாம் ராத்திரியில், அறுவடை முடிந்த மாதங்களில் நடந்தன. ஆடியவனும் பகலில் உழுதவன். பார்த்தவனும் பகலில் உழுதவன். விடிய விடிய ஆடினால் நெல்லோ கேழ்வரகோ அளந்து கொடுத்தார்கள். அங்கே முதலாளி இல்லை. ஆனால் சாதி இருந்தது. பறை அடிப்பவன் தெருவோடு நின்றான். சாவு வீட்டில் அடிக்கவில்லை என்றால் அடி விழுந்தது. அந்தக் காலம் பொற்காலம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கொட்டகை வந்தது, டிக்கெட்டும் வந்தது

பிறகு கம்பெனி நாடகம் வந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு ஒரு சபையை ஆரம்பித்தார். பிறகு பாய்ஸ் கம்பெனிகள் ஊர் ஊராகப் பெருகின. யார் அந்தப் பிள்ளைகள்? பெரும்பாலோர் ஏழை வீட்டுப் பிள்ளைகள். வீட்டில் கஞ்சிக்கு வழியில்லாமல் கம்பெனியில் சேர்க்கப்பட்டவர்கள். எம்.ஜி.ஆர். அப்படிச் சேர்ந்தவர். சிவாஜி கணேசன் நம் திருச்சியில், சங்கிலியாண்டபுரத்துக் கம்பெனியில் சிறுவனாகச் சேர்ந்தவர். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் நாகர்கோவில் நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற பையன்.

நாடக மேடை அன்று வெறும் வேடிக்கையாகவா இருந்தது? விஸ்வநாததாஸ் என்று ஒரு நடிகர். நாவிதர் குலத்தில் பிறந்தவர். முருகன் வேடத்தில் வந்து வெள்ளைக்காரனை எதிர்த்துப் பாடுவார்; போலீஸ் மேடையிலேயே கைது செய்யும். எத்தனையோ முறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31இல் சென்னையில் நாடக மேடையிலேயே உயிரை விட்டார். சாதியைக் காட்டி அவரோடு நடிக்க மறுத்த நடிகைகள் இருந்தார்கள். துணிந்து அவரோடு மேடையேறியவர்களில் ஒருவர் கே.பி. ஜானகியம்மாள். பின்னாளில் அவர் கம்யூனிஸ்ட் இயக்கத்துக்கு வந்து, 1967இல் மதுரையிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனார்.

மேடையைக் கண்டு சர்க்கார் பயந்தது. 1876இலேயே நாடகத்தைக் கட்டுப்படுத்த வெள்ளைக்காரன் சட்டம் போட்டான். வெள்ளைக்காரன் போனான், சட்டம் போகவில்லை. 1954இல் சென்னை ராஜ்யத்தில் இன்னொரு நாடகச் சட்டம் வந்தது. எம்.ஆர். ராதாவின் நாடகங்களைக் குறிவைத்து வந்தது அது. அந்தச் சட்டத்தைச் செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது எப்போது தெரியுமா? 2013இல்! சுதந்திரம் வந்து 66 வருஷம் கழித்து! பொழுதுபோக்கு வெறும் பொழுதுபோக்கு என்றால், அதற்கு எதற்கையா இத்தனை சட்டம்?

திருச்சி ரயில்வே குமாஸ்தாவின் பெட்டி

சினிமாவும் நமக்கு எட்டாத இடத்திலிருந்து வந்ததல்ல. 1905இல் திருச்சியில் ரயில்வே உத்தியோகம் பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கினார். உத்தியோகத்தை விட்டுவிட்டுக் கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். பெஷாவர் வரைக்கும், பர்மா வரைக்கும் போனார். நம் பெரம்பலூர் அன்று அதே திருச்சி ஜில்லாவில் ஒரு தாலுகா. தென்னாட்டில் டூரிங் டாக்கீஸுக்கு அங்கேதான் வித்து விழுந்தது.

1931 அக்டோபர் 31இல் 'காளிதாஸ்' வந்தது. தமிழ்ப்படம் பேச ஆரம்பித்தது. அதில் நடித்த டி.பி. ராஜலட்சுமி நாடக மேடையிலிருந்து போனவர். 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளி கண்டது.

கீற்றுக் கொட்டகையில் தரை டிக்கெட் வாங்கி, மணலைக் குவித்து மேடு கட்டி அதன் மேல் உட்கார்ந்து படம் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பார்கள். அந்தத் தரை டிக்கெட்டில் ஒரு பெரிய விஷயம் இருந்தது. இலங்கை அறிஞர் கா. சிவத்தம்பி அதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். தமிழன் சாதி பார்க்காமல் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்த முதல் கலையரங்கம் சினிமாக் கொட்டகைதான். கோயிலுக்குள் விடாதவனும் கொட்டகைக்குள் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது. காசுதான் இடத்தைத் தீர்மானித்தது. பழைய வேலி இடிந்தது, சரி. அந்த இடத்தில் காசு என்ற புது வேலி முளைத்தது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பாட்டுக்காரர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எங்கிருந்து வந்தார்? தஞ்சை ஜில்லாவில் விவசாயிகள் இயக்கத்திலிருந்து வந்தார். பல தொழில் பார்த்து, வயிற்றுப் பசியோடு சென்னைக்குப் போய், ஐந்தாறு வருஷம்தான் சினிமாவுக்கு எழுதினார். 1959இல் 29 வயதில் காலமானார். இன்றும் நடவு வயலிலும் டீக்கடையிலும் அவர் பாட்டு கேட்கிறது. ஏன்? நம் பேச்சை நம்மிடமே திருப்பிக் கொடுத்தார், அதனால் கேட்கிறது.

இளையராஜா எங்கிருந்து வந்தார்? பண்ணைப்புரத்திலிருந்து. அவருடைய அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடியவர். 1958இல் கேரளத்துத் தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடம் பாடிப் பாடி ஓட்டுக் கேட்டவர். தம்பிகள் ஆர்மோனியமும் தாளமுமாக அண்ணனோடு ஊர் ஊராகச் சுற்றினார்கள். மைக் இருந்தால் மைக்கில், இல்லாவிட்டால் தொண்டையில். வயலிலும் மேடையிலும் கேட்டுப் பழகிய அந்த மெட்டுகள் 1976இல் 'அன்னக்கிளி' வழியாகத் தமிழ்நாட்டின் தெருவெல்லாம் ஒலித்தன. பல கோடி ரூபாய் புரளும் சினிமாப் பாட்டு வியாபாரத்தின் வேரில், நாற்று நட்ட பெண்களின் குலவை இருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

நாற்று நட்ட பெண்களுக்கு என்ன கிடைத்தது? கொல்லங்குடி கருப்பாயியை எடுத்துக்கொள்ளுங்கள். சிவகங்கைப் பக்கத்து விவசாயக் கூலிப்பெண். எழுதப் படிக்கத் தெரியாது. பாட்டு மட்டும் ஊற்றாக வரும். ரேடியோவில் பாடினார். 1985இல் 'ஆண் பாவம்' படத்தில் நடித்துப் பாடினார். கலைமாமணி பட்டமும் கிடைத்தது. ஆனால் முதுமையில் வறுமைதான் துணை. 2025இல் காலமானார். பட்டம் உண்டு, பென்ஷனுக்கு அலைச்சல் உண்டு. இதுதான் நாட்டுப்புறக் கலைஞர் நிலை.

ஆகவே பாட்டு நம்முடையது என்பதில் சந்தேகமில்லை. பெட்டி யாருடையது என்பதுதான் கேள்வி. பெட்டி என்றால் படப்பெட்டி, கல்லாப் பெட்டியும்தான்.

இந்தக் கேள்விக்கு விடை காண ஒரு முயற்சியும் நடந்தது. பலரிடம் பங்குப் பணம் திரட்டி, தொழிலாளர் வாழ்க்கையை வைத்து 1960இல் 'பாதை தெரியுது பார்' என்ற படம் எடுக்கப்பட்டது. வங்கத்துத் தோழர் நிமாய் கோஷ் இயக்கினார்; எம்.பி. சீனிவாசன் இசையமைத்தார். பாட்டுகள் நிலைத்தன, படம் ஓடவில்லை. படத்தைப் பத்துப் பேர் சேர்ந்து எடுத்துவிடலாம். ஆனால் விநியோகமும் கொட்டகையும் வேறு கைகளில் இருந்தன. நெல்லை விளைவித்தாலும் மண்டி வியாபாரி வைத்ததே விலை என்கிறோமே, அதே கதை. அந்த இருவரும் சோர்ந்துவிடவில்லை. லைட் தூக்குகிறவர், செட் போடுகிறவர், வாத்தியம் வாசிக்கிறவர் என்று சினிமாத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டுவதில் முன்னே நின்றார்கள். திரையில் தெரியாத அந்தத் தொழிலாளி நம் சகோதரன்.

ஜாவாத் தீவில் ஒரு கீரைப் பாட்டு

இந்த ஊர்க்காரர்கள் பலர் மலேசியாவில் உழைக்கிறார்கள். அங்கே பக்கத்தில் வேலை செய்யும் இந்தோனேஷியத் தொழிலாளியின் செல்போனில் 'டாங்டுட்' என்ற பாட்டைக் கேட்டிருப்பீர்கள். மத்தளத்தில் எழும் 'டாங்', 'டுட்' என்ற ஓசையே அதற்குப் பெயர். கொஞ்சம் காது கொடுத்தால் நம் நாட்டு இந்தி சினிமாப் பாட்டின் சாயல் தெரியும். கடல் கடந்து போன நம் சினிமாப் பாட்டும் மலாய்ப் பாட்டும் கலந்து பிறந்தது அது.

அந்த நாட்டில் பாட்டுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். ஜப்பான்காரன் ஆண்ட 1940களில் ஜனங்கள் பட்டினியால் வாடினார்கள். வயல் தண்ணீரில் தானாய் முளைக்கும் 'கென்ஜேர்' என்ற கீரையைப் பறித்துத் தின்றார்கள். ஜாவாவின் கிழக்கு முனையில் பான்யுவாங்கியைச் சேர்ந்த முகம்மது ஆரிஃப் அந்தக் கீரையை வைத்தே ஒரு பாட்டுக் கட்டினார். 1960களில் பிரபல பாடகர்கள் அதைப் பாடினார்கள், நாடெங்கும் பரவியது. 1950இல் தோன்றிய 'லெக்ரா' என்ற மக்கள் கலாச்சார ஸ்தாபனம் இப்படிப்பட்ட பாட்டு, கூத்து, நாடகம் எல்லாவற்றையும் கிராமம் கிராமமாகக் கொண்டு போனது.

1965 அக்டோபரில் ராணுவம் வேட்டையைத் தொடங்கியது. குறைந்தபட்சம் ஐந்து லட்சம் பேர் கொல்லப்பட்டனர். விவசாயிகள், தொழிலாளிகள், ஆசிரியர்கள், கூத்தாடிகள். பாட்டுக் கட்டிய ஆரிஃபும் அந்தக் கொடுமைக்குப் பலியானார். கீரையைப் பற்றிய அந்தப் பாட்டு, சுகார்தோ ஆட்சியில் 32 வருஷம் வாயைத் திறந்து பாட முடியாத பாட்டானது. கீரைப் பாட்டுக்கு ஏன் தோழர்களே பயம்? பசி ஏன் வந்தது என்று பாடுகிறவன் நாளைக்குக் கேட்பான் என்ற பயம்.

பிறகு வந்தது டாங்டுட். ரோமா இராமா என்ற பாடகர் 1970இல் குழு அமைத்து எலெக்ட்ரிக் கிட்டாரோடு பாடினார். படித்த பட்டணத்துக்காரர்கள் 'குப்பத்துப் பாட்டு' என்று மூக்கைப் பிடித்தார்கள். ஏழைகள் கோடிக் கணக்கில் கேட்டார்கள். 1977 தேர்தலில் அவர் எதிர்க்கட்சிக்காகப் பாடினார். உடனே சர்க்கார் டெலிவிஷனில் அவருக்கு இடமில்லை; அந்தத் தடை நீங்க 11 வருஷம் ஆனது. 1989இல் தனியார் டெலிவிஷன் வந்தது. முதல் நிலையத்தின் சொந்தக்காரர் யார்? ஜனாதிபதியின் மகன்! அடுத்து வந்ததில் ஒன்று ஜனாதிபதியின் மகளுடையது. அதன் பிறகு மந்திரிகளே டாங்டுட்டைத் தேசிய இசை என்று கொண்டாடினார்கள்.

பாருங்கள் தோழர்களே, மூன்று படி. முதலில் ஏழையின் பாட்டை அடிப்பார்கள். அடித்து அடங்காவிட்டால் இழிவாகப் பேசுவார்கள். அதற்கும் அடங்காவிட்டால் விலைக்கு வாங்கிவிடுவார்கள். நம் பறைக்கும் நடப்பது இதுதான். நேற்று தீட்டு என்றார்கள். இன்று பறை இல்லாத சினிமா இல்லை. 2025இல் மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருதே வந்தது. நமக்கெல்லாம் மகிழ்ச்சிதான். ஆனால் சாவு வீட்டில் இன்னார்தான் அடிக்க வேண்டும் என்ற கட்டாயம் எந்த ஊரிலாவது மிச்சமிருக்கும் வரை அந்த விருது பாதிதான் வந்து சேர்ந்திருக்கிறது.

கொட்டகை வீட்டுக்குள் வந்துவிட்டது

1975 ஆகஸ்ட் 15இல் சென்னையில் சர்க்கார் டெலிவிஷன் வந்தது. 1993 ஏப்ரல் 14இல் சன் டி.வி. வந்தது. அடுத்தடுத்துப் பல சானல்கள். அவற்றில் பலவற்றுக்குப் பின்னால் ஆளும் கட்சியோ ஆண்ட கட்சியோ அவர்களுடைய குடும்பமோ. 2006க்குப் பிறகு சர்க்காரே வீடு வீடாகக் கலர் டி.வி. கொடுத்தது. பெட்டி இலவசம், கேபிளுக்கு மாதாமாதம் பணம்.

இதிலும் ஒரு நன்மை உண்டு. அதை மறைக்கக் கூடாது. ராத்திரிக் கொட்டகைக்குப் போக முடியாத பெண்கள் வீட்டிலிருந்தபடியே உலகத்தைப் பார்த்தார்கள். ஆனால் ஊர் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தது போய், வீடு வீடாகப் பிரிந்தது. பிறகு செல்போன் வந்தது. வீட்டுக்குள்ளேயே ஆளுக்கொரு மூலையாகப் பிரிந்தது.

2016 செப்டம்பரில் ஒரு பெரிய கம்பெனி இன்டர்நெட்டை முதலில் இலவசமாகவே அள்ளிக் கொடுத்தது. போட்டிக் கம்பெனிகள் பல மூடிக்கொண்டு போயின. 2024 ஜூலையில் மிஞ்சிய மூன்று பெரிய தனியார் கம்பெனிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டணத்தை ஏற்றின. தண்டல்காரன் முதல் கடனைச் சிரித்துக்கொண்டுதான் கொடுப்பான்!

செல்போன் சீட்டாட்டம் என்ன செய்தது? கூலிப் பணம், நகை அடகுப் பணம், வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணம் எல்லாம் விரல் நுனியில் போயின. தமிழ்நாட்டில் 2023இல் தடைச் சட்டம் வந்தது. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. ரம்மி திறமை ஆட்டம் என்று வாதாடி, அதே வருஷம் நவம்பரில் ரம்மிக்கு விலக்கு வாங்கின. 2025 ஆகஸ்டில்தான் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடுக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. இடையில் போன தாலிக்கொடிகளை யார் திருப்பித் தருவார்கள்?

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் பெண்கள் வயலில் பாடுவதை யாரோ செல்போனில் பிடித்துப் போடுகிறார்கள். லட்சம் பேர் பார்க்கிறார்கள். விளம்பரப் பணம் அமெரிக்கக் கம்பெனிக்கும், படம் பிடித்துப் போட்டவருக்கும் போகிறது. பாடிய பெண்ணுக்கு அந்த வேளைக் கூலிதான்.

நாம் செய்யக் கூடியது

'அப்படியானால் டி.வி.யை உடைத்துவிடலாமா?' என்று கேட்பீர்கள். வேண்டாம். தறி வந்தபோது தறியை உடைத்தவர்கள் ஜெயிக்கவில்லை. பெட்டியைப் பயன்படுத்தத் தெரிந்துகொள்வோம். இந்த ஊரில் நாளையே ஆரம்பிக்கக் கூடியவை நான்கு.

ஒன்று: பொங்கலுக்கோ மே தினத்துக்கோ ஒரு ராத்திரி ஊர் மேடை நம்முடையதாக இருக்கட்டும். வெளியூர் ஆடல் பாடல் குழுவுக்கு ஆயிரக் கணக்கில் கொடுக்கிறோம். நம் பகுதிக் கூத்துக்காரருக்கும் பறைக்காரருக்கும் பேசிய சம்பளத்தை முழுதாகக் கொடுப்போம். அவர்களுக்கு நாற்காலியும் சாப்பாடும் எல்லோருக்கும் உள்ள பந்தியிலேயே. பெண்களும் பிள்ளைகளும் மேடையேறட்டும்.

இரண்டு: நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் என்று ஒன்று இருக்கிறது. நம் பக்கத்துக் கலைஞர் ஒவ்வொருவரும் அதில் பதிவு பெற்றிருக்கிறாரா என்று வீடு வீடாகப் போய்ப் பாருங்கள். மனு எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுங்கள். மேடையில் கை தட்டுவதைவிட இது பெரிய மரியாதை.

மூன்று: மாதம் ஒரு படத்தைச் சங்க அலுவலகத்திலோ நூலகத்திலோ சேர்ந்து பாருங்கள், முடிந்ததும் அரை மணி பேசுங்கள். இந்தக் கதையில் உழைக்கிறவன் யார், அவனை எப்படிக் காட்டினார்கள், பெண்ணை எப்படிக் காட்டினார்கள் என்று கேளுங்கள். கேள்வி கேட்டுப் பார்க்கிறவனை எந்தப் படமும் ஏமாற்ற முடியாது.

நான்கு: ரீசார்ஜ், கேபிள், டிக்கெட் என்று மாதம் போகிற பணத்தைத் தனியாக ஒரு நோட்டில் எழுதுங்கள். கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுகிற தம்பியும் எழுதட்டும். எழுதிக் கூட்டிப் பார்த்தால் போதும். நான் சொல்ல வேண்டியதில்லை.

தோழர்களே! பட்டினியில் ஒரு கீரையைப் பற்றிப் பாடினார்கள். ஒரு ராணுவமே பயந்தது. தேயிலைத் தோட்டத்தில் ஆர்மோனியத்தை வைத்துப் பாடினார்கள். தேர்தலில் வெற்றி கிடைத்தது. அந்தத் தொண்டை நம்மிடம் இருக்கிறது. கேட்கிறவர்களாக மட்டும் நம்மை உட்கார வைத்துவிட்டார்கள். மறுபடியும் பாடுகிறவர்களாவோம். வருகிற பொங்கலுக்கு மேடை போடும் வேலையை இந்தக் கூட்டம் கலைவதற்கு முன்பே யார் யார் எடுத்துக்கொள்வது என்று பெயர் கொடுங்கள் எனக் கேட்டு என் பேச்சை முடித்துக்கொள்கிறேன்.